அசெட்டோ கோர்ஸா காம்பெட்டிசியோனே: செட்டப் பக்கத்துக்காகவே வாங்கலாம்

குனோஸ் நிறுவனத்தின் இந்த ஜிடி3 (பந்தயத்துக்காக மாற்றியமைத்த ஸ்போர்ட்ஸ் கார்கள்) பந்தய சிமுலேட்டர் விளையாட்டு 2019-இல் முழுப் பதிப்பாக வெளிவந்தது. மழை, இரவு ஓட்டம், எஞ்சின் சத்தம் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்தது செட்டப் பக்கம், அதாவது காரின் பிரேக், சஸ்பென்ஷன் போன்றவற்றைச் சரிசெய்யும் இடம். ஓட்டுபவரின் கைக்கும் காலுக்கும் ஏற்றபடி காரை மாற்றினால், அந்த மாற்றத்தை அடுத்த சுற்றிலேயே உணர முடிகிறது.

ஒவ்வொரு காருக்கும் 'அக்ரெசிவ்', 'சேஃப்' போன்ற செட்டப்கள் தயாராக இருக்கும். பலரும் அக்ரெசிவை எடுத்து, டயர் காற்றழுத்தத்தை மட்டும் சரிசெய்துவிட்டு ஓட்டக் கிளம்பிவிடுகிறார்கள். உங்கள் பாணிக்கு அது ஒத்துப்போனால் சரி. போகாவிட்டால்?

நான் பிரேக்கைத் தாமதமாக மிதிப்பவன். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதும் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுவேன். என் தம்பி நேர் எதிர். நேர்க்கோட்டிலேயே பிரேக்கை முடித்துக்கொண்டு, வளைவின் நடுவிலேயே ஆக்ஸிலரேட்டரை அழுத்திவிடுவான். இத்தாலியின் மான்ஸா பந்தயத் தடத்தில் போர்ஷே 911 ஜிடி3 ஆர், அதே அக்ரெசிவ் செட்டப். முதல் சிக்கேனில் (அடுத்தடுத்து எதிரெதிராகத் திரும்பும் வளைவுகள்) நான் பிரேக்கோடு திருப்பினால் கார் பின்பக்கத்தை வெளியே வீசும். அவனுக்கு அங்கே ஒரு குறையும் இல்லை. கடைசி வளைவான பராபோலிகாவில் அவன் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் பின்டயர் வழுக்கும், எனக்கு வழுக்காது.

பிரேக் பிடித்தால் எடை முன்னால் போகும், பின்டயர் லேசாகும். எஞ்சின் பின்சக்கரங்களுக்கும் பின்னால் இருக்கிற காரில், அந்த நேரத்தில் திருப்பினால் பின்பக்கம் சுற்றிக்கொண்டு வரப் பார்க்கும். அதனால் எனக்கு டிஃபரன்ஷியல் (இரண்டு பின்சக்கரங்களுக்கும் சக்தியைப் பகிரும் பாகம்) ப்ரீலோடை ஏற்றி, பிரேக் பயஸை (முன், பின் சக்கரங்களுக்கு இடையே பிரேக் பிரியும் விகிதம்) சற்று முன்னுக்குத் தள்ளினேன். ப்ரீலோடு கூடினால் இரண்டு பின்சக்கரங்களும் ஒன்றோடொன்று இறுகி ஓடும். கார் அடங்கி நுழையும். தம்பியின் சிக்கல் வேறு. ஆக்ஸிலரேட்டர் அழுத்தும்போது காரின் பின்பக்கம் அமுங்கி, பம்ப்ஸ்டாப்பில் (சஸ்பென்ஷன் அளவுக்கு மீறி அமுங்காமல் தடுக்கும் கட்டை) சீக்கிரமே இடித்துவிடுகிறது. அந்த நொடியில் சஸ்பென்ஷன் விறைத்துப்போய் டயர் பிடி விட்டுவிடுகிறது. பின் பம்ப்ஸ்டாப் ரேஞ்சை (அதில் இடிப்பதற்கு முன் உள்ள இடைவெளி) கூட்டி, பின் ஆன்டி-ரோல் பாரை (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) இளக்கினோம். அவனுக்குச் சரியாகிவிட்டது.

அப்புறம் செட்டப்களை மாற்றிக்கொண்டு ஓட்டினோம். அவனுடையதில் எனக்குச் சிக்கேனில் பழைய ஆட்டமே திரும்ப வந்தது. என்னுடையதில் அவன் நடு வளைவிலேயே ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் மூக்கு திரும்பாமல் வெளிப்பக்கமாகப் போனது. இதை இவ்வளவு துல்லியமாகக் காட்டுவதற்காகவே இந்த சிமுலேட்டரை மதிக்கிறேன். நிஜத்திலும் கதை இதுதான். 1995-இல் ஷூமேக்கர் ஃபார்முலா 1 உலகப் பட்டம் வென்ற பெனட்டன் காரைச் சோதித்துப் பார்த்த பெர்கரும் அலேசியும் அது பிடிக்கு அடங்காமல் திணறினார்கள். இருவரும் சாதாரண ஓட்டுநர்கள் இல்லை.

எலக்ட்ரானிக்ஸ் பகுதியில் 'டெலிமெட்ரி லேப்ஸ்' என்று ஒரு வரி இருக்கிறது, பலர் கண்டுகொள்வதே இல்லை. அதில் எண் கொடுத்து ஓட்டினால், ஓட்டத்தின் விவரங்கள் மோடெக் என்ற பந்தயத் தரவு ஆய்வு மென்பொருளில் திறக்கும் கோப்பாகச் சேமிக்கப்படும். அதன் வரைபடத்தில் என் பிரேக் கோடு மெல்லச் சரிந்து இறங்குகிறது. தம்பியுடையது செங்குத்தாக விழுகிறது. உங்கள் பாணி என்ன என்று யாரிடமும் கேட்க வேண்டாம், அந்தக் கோட்டைப் பாருங்கள். சஸ்பென்ஷனைத் தொடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வேகமானவர்களின் செட்டப் கோப்புகளைக் காசுக்கு விற்கும் ஒரு தளத்திலும் வாங்கிப் பார்த்தேன், பெயர் வேண்டாம். எந்தக் கோப்பிலும் அதைச் செய்தவர் எப்படி பிரேக் பிடிப்பவர் என்ற குறிப்பு ஒரு வரிகூட இல்லை. அது இல்லாத செட்டப்புக்குக் காசு கொடுக்காதீர்கள்.

உட்கார்ந்ததும் ஓட்டிவிட வேண்டும் என்பவர்களுக்கு இது பொறுமையைச் சோதிக்கும். டேம்பர் (சஸ்பென்ஷன் அசையும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) பக்கத்தை முதல் சில வாரங்களுக்குத் திறக்கவே வேண்டாம். ப்ரீலோடு, பிரேக் பயஸ், ஆன்டி-ரோல் பார் மூன்றிலேயே உங்கள் காரைக் கண்டுபிடித்துவிடலாம். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள், எரிபொருள் அளவை அப்படியே வையுங்கள். கன்சோல், கணினி இரண்டும் உங்களிடம் இருந்தால் கணினிப் பதிப்பை வாங்குங்கள், மோடெக் கோப்புக்காக.