கச்சான் அடிக்கும் சாலை: திருச்செந்தூர் முதல் கூடங்குளம் வரை சைக்கிளிலும் கால்நடையாகவும்

கடலோரச் சாலை என்றதும் ஒரு பக்கம் அலை, மறு பக்கம் தென்னந்தோப்பு என்று மனதில் படம் வரைந்துகொண்டு வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரி போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெரும்பாலான தூரம் கடல் கண்ணிலேயே படாது. பனை, உடைமரம், தேரி என்று சொல்கிற செம்மணல் மேடு, காற்றாலை, மறுபடியும் பனை. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ஒவ்வொரு ஊருக்கும் பிரியும் சாலையில் இறங்கி, சைக்கிளை எங்காவது பூட்டிவிட்டு நடக்க வேண்டும். திசையன்விளைப் பக்கம் வீடு என்பதால் வருடக்கணக்கில் இந்த வழியில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்கு இது சலிக்காமல் இருப்பதற்குக் காரணமே அந்த இறங்கி நடக்கிற துண்டுகள்தான். மிதித்துக்கொண்டே கடல் பார்க்க ஆசைப்படுபவருக்கு இது ஏமாற்றமாக இருக்கும்.

திருச்செந்தூரிலிருந்து கூடங்குளம் 60 கிலோமீட்டருக்கு மேல் வரும். மணப்பாடு 18, உவரி சுமார் 40. பெரியதாழை வரை தூத்துக்குடி மாவட்டம், உவரி திருநெல்வேலி மாவட்டம். 1986-ல் மாவட்டத்தைப் பிரித்தார்களே தவிர, எங்களுக்கு எல்லாமே நெல்லைச் சீமைதான். சைக்கிளுக்கென்று தனிப் பாதை எதுவும் கிடையாது. இருவழிச் சாலை, தார் நன்றாகவே இருக்கிறது, மேடு பள்ளம் அதிகமில்லை. தூரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. காற்றைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

வைகாசி பிறந்துவிட்டால் கச்சான் கிளம்பிவிடும். தென்மேற்கிலிருந்து அடிக்கிற காற்று, ஆனி ஆடியில் உச்சம், புரட்டாசி வரை விடாது. சாலையோ திருச்செந்தூரிலிருந்து தென்மேற்காகவே போகிறது. அதாவது தெற்கே போகிறவருக்கு முழுக்க முழுக்க எதிர்க்காற்று. சமதரையில் மலை ஏறுகிற மாதிரி கியரைக் குறைத்துக்கொண்டே வர வேண்டியிருக்கும். வெளியூர்க்காரர்கள் அட்டவணை போட்டு, காலையில் திருச்செந்தூரில் முருகனைக் கும்பிட்டுவிட்டு மாலையில் கன்னியாகுமரி என்று ஆடி மாதத்தில் கிளம்பி வருகிறார்கள். உவரியில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அப்படி வந்த ஒரு பையனைப் பார்த்து, "எதுக்க காத்துல்லா தம்பி அடிக்கு. இப்பமே மிதிச்சுத்தான் ஆவணுமோ?" என்று கேட்டார். பையன் சிரித்துவிட்டுப் போனான். கூத்தங்குழி தாண்டுவதற்குள் அவனுக்குப் புரிந்திருக்கும்.

ஆகவே ஆனி ஆடியில் தெற்கிலிருந்து வடக்கே வாருங்கள். முதுகில் கை வைத்துத் தள்ளும். ஐப்பசிக்குப் பிறகு காற்று வடகிழக்குக்குத் திரும்பியதும் திருச்செந்தூரிலிருந்து தெற்கே போகலாம். தை, மாசியில் அதிகாலை என்றால் எந்தப் பக்கமும் போகலாம், காற்று அடங்கிக் கிடக்கும். சந்தேகமாக இருந்தால் காற்றாலைகளைப் பாருங்கள். அவை எப்போதும் காற்று வருகிற திசைக்கே முகத்தைத் திருப்பி நிற்கும். நீங்கள் போகிற பக்கம் எதிரே தெரிகிறவை உங்களுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றால் அன்றைக்கு நல்ல நாள். எந்த வானிலை ஆப்பையும்விட எனக்கு இதுதான் சரியாக வருகிறது.

அடுத்த எதிரி உடைமுள். குடை விரித்த மாதிரி தலை தட்டையாக நிற்கும் உடைமரம் இந்தப் பக்கத்துக்கே உரியது, பார்க்க அழகு. ஆடு மேய்ப்பவர்கள் கொக்கியால் கிளையை இழுத்துப்போட்டு ஆடுகளுக்குக் காட்டுவார்கள். ஆடுகள் இலையையும் நெற்றையும் தின்றுவிட்டுப் போய்விடும், முள் அங்கேயே கிடக்கும். வெள்ளையாக, ஜோடி ஜோடியாக, விரல் நீளத்துக்கு. டயரில் ஏறும்போது சத்தமே வராது. பிடுங்காமல் இருந்தால் காற்று மெதுவாக இறங்கும், பிடுங்கினால் உடனே. மாற்று டியூப், பம்பு, ஒட்டுப் பசை மூன்றும் இல்லாமல் தார்ச் சாலையை விட்டு இறங்காதீர்கள். மணப்பாட்டுக்கும் உவரிக்கும் நடுவே பஞ்சர் கடை தேடுவது வெயிலில் செய்கிற வேலை இல்லை. ஒல்லி டயர் ரேஸ் சைக்கிள் இங்கே ஆகாது, மணல் வந்து படிந்த இடங்களில் வழுக்கும். 35 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர் போடுங்கள்.

சரி, நடக்கிற இடங்கள். ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் மணப்பாடு. கருமேனியாறு கடலில் சேர்கிற இடம். ஊருக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போங்கள், தெருவில் பாதி மணல்தான். கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிற மணல்மேட்டின் மேல் 1581-ல் கட்டிய திருச்சிலுவை ஆலயம், பக்கத்தில் கலங்கரை விளக்கம். 1542-ல் வந்த சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை மேட்டின் கடல் பக்கத்தில் இருக்கிறது. மேட்டின் அடிவாரத்தில் பாறை என்று நாம் நினைப்பதைக் கொஞ்சம் குனிந்து பார்த்தால் அடுக்கடுக்காக இறுகிப்போன மணல் என்று தெரியும். நகத்தால் சுரண்டினால் உதிரும், இடையிடையே சிப்பித் துண்டுகள். ஒரு பக்கம் அலை அறைந்துகொண்டிருக்கும், மறு பக்கம் ஆற்று நீர் அசையாமல் கிடக்கும். செப்டம்பர் 14 சிலுவைத் திருநாளை ஒட்டிய நாட்களில் மட்டும் கூட்டம் அதிகம். மழைக்காலத்தில் முகத்துவாரம் உடைத்துக்கொண்டால் கரையோரமாக நடந்து வடக்கே போக முடியாது, சுற்றித்தான் வர வேண்டும்.

உவரியில் கப்பல் வடிவத்தில் கட்டிய மாதா கோயிலும், கரையோரத்திலேயே சுயம்புலிங்க சுவாமி கோயிலும் உண்டு. கடலில் குளித்துவிட்டு ஈர மணலைப் பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்து வந்து கொட்டுகிற நேர்த்திக்கடனை இங்கே பார்க்கலாம். குறுக்கே சைக்கிளை நிறுத்தாமல் இருந்தால் போதும்.

உவரிக்குத் தெற்கே கரையில் நடந்தால் மணலின் நிறம் மாறும். கறுப்பும் சிவப்புமாகக் கோடு கோடாக இருக்கும். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். இவை கனமானவை, அலை லேசான மணலை இழுத்துக்கொண்டு இவற்றை விட்டுவிட்டுப் போகிறது. 2013-ல் தாதுமணல் அள்ளத் தடை வருவதற்கு முன்னால் நடந்ததையெல்லாம் டீக்கடைகளில் இன்னும் பேசுவார்கள். பத்து மணிக்கு மேல் இந்தக் கறுப்பு மணலில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது.

ஊர்களின் ஓரத்தில் கடலுக்குள் கருங்கல் கொட்டிப் போட்ட தூண்டில் வளைவுகள் இருப்பதால், கரையிலேயே நடந்து ஊர்விட்டு ஊர் போய்விடலாம் என்ற நினைப்பு பல இடங்களில் நடக்காது. இடிந்தகரைக்குத் தெற்கே அணுமின் நிலையம், கரை வழியே போக முடியாது, சாலைக்கு வந்துவிடுங்கள். அங்கே காமிராவை நீட்டுவதும் வேண்டாம்.

இந்தக் கரையில் ஓட்டினால் சைக்கிள் சீக்கிரம் கிழடாகும், அதையும் கணக்கில் வையுங்கள். உப்புக்காற்று முதலில் செயினைப் பிடிக்கும், பிறகு சின்னச் சின்ன போல்ட்டுகளை. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, காய்ந்த பிறகு எண்ணெய் விடுவேன். காயாமல் எண்ணெய் விட்டால் மணலும் ஈரமும் சேர்ந்து அரைத்துவிடும். விளிம்பைப் பிடிக்கிற பிரேக் கட்டையில் மணல் ஒட்டிக்கொண்டு வளையத்தைக் கீறும். அடிக்கடி கழற்றிச் சுரண்ட வேண்டும். ஊர்க்கடைகளில் கிடைக்கிற சாமான் இருக்கிற சைக்கிளாகப் பார்த்து வாங்குங்கள்.

போக்குவரத்து முன்னைப் போல இல்லை. உடன்குடியில் அனல்மின் நிலைய வேலை, குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டிய ராக்கெட் ஏவுதள வேலை என்று லாரிகள் கூடிவிட்டன. விடியுமுன் குலசையைத் தாண்டிவிடுவது உத்தமம். தசரா நாட்களில் அந்தப் பக்கம் சைக்கிளில் போக வேண்டாம். காளி, குரங்கு, போலீஸ் என்று வேஷம் கட்டியவர்களைப் பார்க்க ஆசையிருந்தால் பஸ்ஸில் போங்கள். தைப்பூசத்துக்கும் மாசித் திருவிழாவுக்கும் இருட்டிலேயே பாதயாத்திரைக்காரர்கள் சாலையோரமாக நடந்து வருவார்கள். வெறுங்கால், பச்சை வேட்டி, தூரத்திலிருந்து தெரியவே தெரியாது. முன்விளக்கு போட்டு, மெதுவாக, நடுச்சாலைப் பக்கம் ஒதுங்கி ஓட்டுங்கள். மணி அடித்தால் திடுக்கிடுவார்கள். "சாமி, ஓரம்" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. பங்குனி, சித்திரையில் காலை ஒன்பதுக்குள் போனால் சாலையோரத்திலேயே பதநீர், அப்புறம் நுங்கு. உடன்குடியில் கருப்பட்டி வாங்குவதானால் திரும்புகிற வழியில் வாங்குங்கள், அதுவும் வெயில் ஏறுமுன். கேரியரில் கட்டி மத்தியானம் வரை வெயிலில் கொண்டுபோனால் இளகி ஓலையோடு ஒட்டிக்கொள்ளும். வீட்டில் அதைப் பிரித்தெடுப்பது பஞ்சர் ஒட்டுவதைவிடப் பெரிய வேலை.