கணினி விளையாட்டின் முகப்புப் படத்துக்கு 38,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன், நீங்களும் ஏமாந்துவிடாதீர்கள்

பணம் திரும்பி வராது என்பது நேற்று இரவு பதினொரு மணிக்குத்தான் உறுதியானது. தூக்கம் வரவில்லை. ஆத்திரம் அடங்கட்டும், பிறகு எழுதலாம் என்று மனைவி சொன்னாள். ஆனால் படம் வரைந்து தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கிய அந்த ஆளின் பக்கம் ஐந்து நட்சத்திரங்களோடு இந்த நிமிடம்கூடத் திறந்திருக்கிறது. இன்று காலையில்கூட யாராவது அவருக்குப் பணம் அனுப்பியிருக்கக்கூடும். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

நானும் என் நண்பனும் இரண்டரை ஆண்டுகளாக ஒரு சிறிய கணினி விளையாட்டை உருவாக்கிவருகிறோம். செங்கோட்டைப் பாதையில் மீட்டர் கேஜ் வண்டி ஓடிய காலத்தில் என் தாத்தா சிக்னல் கேபினில் வேலை பார்த்தார். அவர் சொன்ன கதைகள்தான் விளையாட்டுக்கு வித்து. ராத்திரி நேரம், ஒரு சின்ன ஸ்டேஷன், வரிசையாக நெம்புகோல்கள், கையில் ஒரு விளக்கு. வேலைக்குப் போய்வந்த பிறகு கண்விழித்துச் செய்தது. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் பக்கம் தொடங்க 100 டாலர் கட்டியாகிவிட்டது. முகப்புப் படம் ஒன்றுதான் பாக்கி.

அந்தப் படத்துக்கு இவ்வளவு செலவா என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். கடையில் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் வரிசையாக நிற்கின்றன. பார்ப்பவர் நம் பக்கத்துக்குள் வருவாரா, கடந்துபோவாரா என்பதை அந்தச் சிறு செவ்வகம்தான் முடிவு செய்கிறது. எனக்கு வரைய வராது. விளையாட்டிலிருந்தே ஒரு காட்சியை வெட்டி, மேலே பெயரைப் போட்டுப் பார்த்தோம். சின்னதாக்கியதும் வெறும் கறுப்புக் கட்டமாகிவிட்டது. மனைவி தன் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தாள். "வளையல் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம், படம் நன்றாக வரட்டும்" என்றாள். அந்தப் பணம்தான் 38,000 ரூபாய்.

உலகெங்கும் உள்ள ஓவியர்களும் வடிவமைப்பாளர்களும் வேலைக்காகக் கடைவிரித்திருக்கும் தளங்களில் பெரிய ஒன்றுக்குப் போனேன். பெயர் சொல்லப்போவதில்லை. அங்கே தேடியபோது தமிழ் தெரிந்த ஒருவர் கிடைத்தார். முதல் செய்தியிலேயே "அண்ணா" என்றார். அவர் காட்டியிருந்த பழைய வேலைகள் அருமையாக இருந்தன.

நான் நம்பிய அந்த இரவை மறக்க முடியவில்லை. விவரம் சொல்லி மூன்று மணி நேரத்துக்குள் மூன்று பென்சில் ஓவியங்களைப் படமெடுத்து அனுப்பினார். தாளின் ஓரத்தில் பென்சில் சீவிய தூளும் ஒரு டம்ளரின் விளிம்பும் தெரிந்தன. பிறகு போன் செய்து அரை மணி நேரம் பேசினார். "அண்ணா, கேபின், தண்டவாளம், மரம், நிலா எல்லாம் வேண்டும் என்கிறீர்கள். தேடல் பட்டியலில் இந்தப் படம் 120-க்கு 45 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். அதில் தெரியப்போவது இரண்டே பொருள்தான். ஒன்று விளக்கு, இன்னொன்று பெயர். இருட்டு முழுவதும் நீலமாக இருக்கட்டும், விளக்கு மட்டும் மஞ்சளாக இருக்கட்டும். சின்ன படத்தில் பெயரே முக்கால் இடத்தை எடுத்துக்கொள்ள வேண்டும்" என்றார். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி. இன்று யோசித்துப் பார்த்தாலும் சரிதான். வேலை தெரிந்தவர் என்று நினைத்தேன். வேலை தெரிந்தவர் ஏமாற்றமாட்டார் என்றும் நினைத்தேன். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பேச்சின் முடிவில்தான் அந்த வார்த்தை வந்தது. "தளத்தின் வழியாகப் பணம் கட்டினால் ஐந்தில் ஒரு பங்கை அவர்களே எடுத்துக்கொள்வார்கள் அண்ணா. நேரடியாக அனுப்பினால் அந்த மிச்சத்துக்கு நான் கடை கேட்கும் எல்லா அளவுகளையும் சேர்த்தே செய்துதருகிறேன்." அன்றிரவே யுபிஐ மூலம் 19,000 அனுப்பினேன். ஒன்பதாம் நாள் ஒரு படம் வந்தது. போன் திரையில் பளபளவென்று இருந்தது. அந்த மகிழ்ச்சியில் மீதி 19,000 ரூபாயையும் அனுப்பிவிட்டேன். மொத்தம் 38,000.

மறுநாள் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தவன் என் நண்பன். ஸ்டேஷனின் மஞ்சள் பெயர்ப்பலகையைச் சுட்டிக்காட்டி, "இது என்ன ஊர்?" என்று கேட்டான். குனிந்து பார்த்தேன். தமிழ் மாதிரி இருந்தது, ஆனால் தமிழ் இல்லை. 'ற'வுக்கு மூன்று வளைவு, 'ண'வின் பாதியில் ஒரு கொக்கி, எந்த மொழியிலும் இல்லாத ஒரு சுழி. தமிழ் எழுதத் தெரிந்த ஒரு மனிதனின் கை அப்படிப் போகவே போகாது. பிறகு மற்றதெல்லாம் தெரிந்தது. தண்டவாளம் நேராகப் போய்க் கேபின் சுவருக்குள் நுழைகிறது. விளக்கைப் பிடித்திருக்கும் கையில் ஆறு விரல்கள். எந்திரத்திடம் நான்கு வரி எழுதிக்கொடுத்து வாங்கிய படம் அது. பேசியபடி சின்ன படத்தில் பெயர் பெரிதாக இருக்கிறதா என்று பார்த்தால் அதுவும் இல்லை. எல்லா அளவுக்கும் ஒரே படத்தைச் சுருக்கி வைத்திருந்தார். போதாக்குறைக்கு மேல் மூலையில் மதிப்பீட்டு நட்சத்திரங்களும் "டெமோ வந்துவிட்டது" என்ற வரியும். 2022 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து ஸ்டீமில் முகப்புப் படத்தில் விளையாட்டின் பெயரையும் துணைப்பெயரையும் தவிர வேறு எழுத்து கூடாது என்ற விதி இருக்கிறது. இதே வேலையாக இருப்பதாகச் சொன்னவருக்கு அது தெரியாதா?

2024 ஜனவரியிலிருந்து ஸ்டீமில், செயற்கை நுண்ணறிவில் செய்த படமென்றால் அதையும் நாமே அறிவிக்க வேண்டும். இது தெரியாமல் "எல்லாம் கையால் வரைந்தவை" என்று நான் எழுதிக்கொடுத்திருந்தால் பொய் சொன்னவன் நானாகியிருப்பேன். தாத்தாவின் கதைக்கு அப்படி ஒரு முகம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் கொடுமை. அடுக்குகள் பிரித்த மூலக்கோப்பை அனுப்புங்கள் என்று கேட்டேன். பெயரும் படமும் தனித்தனியாக இல்லாமல் வேலை ஓடாது. விளையாட்டை வாங்கியவரின் ஸ்டீம் நூலகப் பக்கத்தில் வரும் பெரிய பின்னணிப் படம் 3840-க்கு 1240 பிக்சல், அதில் எழுத்தே இருக்கக்கூடாது. பெயரைத் தனியாக, பின்னணி இல்லாமல் ஏற்ற வேண்டும். முதலில் "கோப்பு பெரியது, ஏறிக்கொண்டிருக்கிறது அண்ணா" என்றார். மூன்று நாள் கழித்து, வீட்டில் விசேஷம். பிறகு, மூலக்கோப்புக்குத் தனியாக 12,000 ஆகும் என்றார். பெயர்ப்பலகையைப் பற்றிக் கேட்டதும் "அது ஒரு பாணி" என்று ஒரு வரி. அதன் பிறகு நான் அனுப்பிய எதற்கும் பதில் இல்லை.

தளத்துக்கு எழுதினேன். "பரிவர்த்தனை எங்கள் தளத்துக்கு வெளியே நடந்திருப்பதால் உதவ இயலாது" என்று ஒரே பதில் மூன்று முறை வந்தது, மூன்று வேறு பெயர்களில். அந்த ஆளின் பக்கத்தையாவது மூடுங்கள் என்றேன். அதற்கும் அதே பதில். வங்கியில், நீங்களே ரகசிய எண் போட்டு அனுப்பிய பணம், நாங்கள் என்ன செய்ய முடியும் என்று கைவிரித்துவிட்டார்கள். இணையப் பண மோசடிக்கான 1930 எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். ஆனால் பணம் போன சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் அதை இடையில் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். நான் சொன்னது மூன்று வாரம் கழித்து.

ஒரு படம் இணையத்தில் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும் படத்தேடலில் அவர் காட்டிய பழைய வேலைகளைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு நிமிட வேலை. ஐந்தில் நான்கு வேறு வேறு ஓவியர்களின் பக்கங்களில், அவர்களுடைய கையொப்பத்தோடு இருக்கின்றன. இவர் கையொப்பத்தை மட்டும் வெட்டியிருக்கிறார். பணம் அனுப்பும் முன் அந்த இரண்டு நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை.

வெளிவரப்போகும் விளையாட்டுகளுக்காக ஸ்டீம் நடத்தும் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் விழாவுக்குப் பதிவு செய்திருந்தோம். ஒரு விளையாட்டுக்கு அதில் ஒரே ஒரு முறைதான் இடம். இந்தப் படத்தோடு போய் அதை வீணாக்க மனம் வரவில்லை. விலகி, அடுத்த விழாவுக்குக் காத்திருக்க முடிவு செய்துவிட்டோம். 38,000 ரூபாயோடு நான்கு மாதமும் போயிற்று.

நல்ல முகப்புப் படம் எப்படி அமைய வேண்டும் என்றும் விரிவாக எழுத நினைத்திருந்தேன். இப்போது அதற்குத் தெம்பில்லை. அவசரத்துக்குச் சில மட்டும். யாருடைய பழைய வேலையையும் படத்தேடலில் போட்டுப் பாருங்கள். தளத்துக்கு வெளியே ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள், எவ்வளவு அன்பாக அழைத்தாலும். முழுப்பணம் கொடுக்கும் முன் அடுக்குகளோடு மூலக்கோப்பைக் கையில் வாங்குங்கள். வந்த படத்தைப் போனில் பார்த்து மயங்காதீர்கள், ஒருமுறை பெரிதாக்கியும் ஒருமுறை 120 பிக்சலுக்குச் சுருக்கியும் பாருங்கள். படத்தில் எழுத்து இருந்தால் எழுத்துக்கூட்டிப் படியுங்கள்.

அந்த மூன்று பென்சில் ஓவியங்களை வரைந்தது யார் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவை உண்மையானவை, நல்ல கை வரைந்தவை. டம்ளர் விளிம்பு தெரியும் தாளில் கைவிளக்கோ வேறு எதுவோ வரைந்து உங்களுக்கும் யாராவது அனுப்பியிருந்தால், பணம் அனுப்பும் முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். என்னிடம் அவருடைய யுபிஐ எண்ணும் புகார் எண்ணும் இருக்கின்றன.