பழைய ஆட்டம், இரண்டு கடைகள்

1999-இல் வந்த 'ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3' கணினி ஆட்டத்தை இன்று வாங்க நினைத்தால், எந்தக் கடை என்பதைப் பொறுத்துக் கிடைக்கும் பொருளே மாறிவிடும்.

ஸ்டீம் என்ற இணையக் கடையில் இருப்பது யுபிசாஃப்ட் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ஹெச்.டி. பதிப்பு. படங்கள் கூர்மையாக இருக்கின்றன, அகலத் திரையை நிறைக்கின்றன. ஆனால் ஆட்டத்தோடு சேர்த்து ஆட பின்னர் வந்த கூடுதல் பகுதிகளான இரண்டு விரிவாக்கங்களும் இல்லை. அவற்றின் மூல நிரல் தொலைந்துவிட்டதாம்! சோறு போட்டுக் குழம்பு மறந்த கதை.

போலந்தின் சிடி ப்ராஜெக்ட் 2008-இல் தொடங்கிய ஜி.ஓ.ஜி. கடையில் பழைய வடிவமே விற்பனையாகிறது, விரிவாக்கங்கள் இரண்டும் சேர்த்து. படம் மங்கல்தான். ரசிகர்கள் இலவசமாகத் தரும் ஹெச்.டி. கூடுதல் நிரலைப் போட்டால் அகலத் திரைக்கும் பொருந்திவிடும். நிறுவும் கோப்பைத் தரவிறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொள்ளலாம். பிறகு இணையமோ கணக்கோ கேட்காது. ஸ்டீமில் பெரும்பாலும் ஸ்டீம் செயலி வழியாகத்தான் ஆட்டத்தைத் திறக்க வேண்டும்.

பிடிக்காவிட்டால் பணம் திரும்பப் பெற ஸ்டீமில் 14 நாள், அதுவும் 2 மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால். ஒரு வரைபடத்தை முடிக்கவே ஒரு மாலை பிடிக்கும் ஆட்டத்துக்கு அது போதாது. ஜி.ஓ.ஜி.யில் 30 நாள்.

நண்பர்களெல்லாம் ஸ்டீமில் இருந்தால் மட்டும் ஹெச்.டி. பதிப்பை யோசிக்கலாம். நான் ஜி.ஓ.ஜி. பக்கம்.