டின் தக்காளி சாலட்: ஐந்து குளிர்காலம் செய்து பார்த்ததில்

கனடாவில், டொரண்டோவின் ஸ்கார்பரோவில் ஜனவரி மாதம் தக்காளி வாங்கியவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெளியே சிவப்பாகப் பளபளக்கும். வெட்டினால் உள்ளே வெளிறிப்போய் வெறும் சக்கை. காயாகப் பறித்து, எத்திலீன் வாயுவில் பழுக்க வைத்து, தெற்கிலிருந்து நாட்கணக்கில் லாரியில் வருவது அது. போதாக்குறைக்கு நாமும் அதைக் கொண்டுவந்து ஃபிரிட்ஜில் வைக்கிறோம். 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் தக்காளியின் மணம் மங்கத் தொடங்கிவிடும். இங்கே ஒன்டாரியோவிலேயே உள்ள லீமிங்டன் பக்கத்துப் பசுமைக்குடில் தக்காளி கொஞ்சம் தேவலை, விலைதான் கையைக் கடிக்கும்.

அப்படி ஒரு ஜனவரியில், கடைக்குப் போகச் சோம்பல்பட்டு, அலமாரியில் இருந்த 796 மில்லி டின்னைத் திறந்து சாலட் செய்தேன். இது ஐந்தாவது குளிர்காலம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வாரம் ஒரு முறையாவது செய்துவிடுகிறேன், அதனால் நல்லது கெட்டது இரண்டையும் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதல் தடவை படுதோல்வி. துண்டு போட்ட தக்காளி டின், வெள்ளரிக்காய், வெங்காயம், எலுமிச்சைச் சாறு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கிளறினேன். கால் மணி நேரத்தில் கிண்ணத்தில் நீச்சலடிக்கலாம் போல ஆகிவிட்டது. மேல் வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, இது சலாட்டோ ரசமோ?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

புதுத் தக்காளிக்குப் பதில் டின் தக்காளி என்று நினைத்ததுதான் தப்பு. டின்னில் இருப்பது தோலுரித்து, மூடி, சூடேற்றிய பண்டம். பாதி வெந்தது. அதற்கு ஏற்றாற்போலத்தான் அதை நடத்த வேண்டும்.

எந்த டின் வாங்குவது? துண்டு போட்டது சாலட்டுக்கு வேண்டவே வேண்டாம். துண்டுகள் குழையாமல் இருக்க அதில் கால்சியம் குளோரைடு சேர்ப்பார்கள். அது தக்காளிச் சதையை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் என்ற பசைப்பொருளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வாயில் போட்டால் ஓரமெல்லாம் ரப்பர் மாதிரி இருக்கும். முழுத் தக்காளி டின்தான் சரி. அதிலும் லேபிளைத் திருப்பிப் பார்த்து, உப்பு சேர்க்காததாக எடுங்கள். சிட்ரிக் அமிலம் இருந்தால் பயப்பட வேண்டாம், புளிப்பைக் கூட்டிக் கிருமி வளராமல் காப்பதற்காகச் சேர்ப்பது அது.

இத்தாலியின் சான் மர்சானோ ரகத் தக்காளி டின்னையும் விட்டுவைக்கவில்லை. வெசுவியஸ் எரிமலைக்குப் பக்கத்துச் சமவெளியில் விளைவது, நீள வாக்கில் இருக்கும், விதை குறைவு, சதை அதிகம். ரசத்திலோ குழம்பிலோ போட்டால் வித்தியாசமே தெரியாது, காசுக்குக் கேடு. சாலட்டில் தெரிகிறது. ஆனால் பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். டிஓபி முத்திரை, அதாவது அந்த ஊரில்தான் விளைந்தது என்பதற்கான சான்று, உள்ளது முழுசாகவோ நீளக் கீற்றாகவோதான் வரும். அந்தப் பெயரைப் போட்டுத் துண்டு துண்டாக வந்தால் அது வேறு ஏதோ. நான் விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கிறேன். சின்ன செர்ரித் தக்காளி டின்னும் கிடைக்கிறது, பெரும்பாலும் தோலோடு இருக்கும். ருசி அருமை. கடிக்கும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள். வெள்ளைச் சட்டை ஒன்று அதற்குப் பலியாயிற்று.

இப்போது செய்கிற முறை இது. தக்காளியை வடிகூடையில் கொட்டி, கீழே பாத்திரம் வைத்து, ஒவ்வொன்றையும் கையால் இரண்டு மூன்றாகப் பிய்க்கிறேன். கத்தி வேண்டாம், கையால் பிய்த்தால் ஓரம் கரடுமுரடாகி எண்ணெயும் உப்பும் ஒட்டிக்கொள்ளும். விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பைப் பிழிந்து எறியாதீர்கள், நாக்கைச் சுண்டுகிற ருசி அதில்தான் அதிகம். ஒரு சிட்டிகை உப்புத் தூவி 20 நிமிடம் அப்படியே விட்டால் தண்ணீர் தானாக இறங்கும்.

நேரம் இருந்தால் இன்னொரு வேலையும் செய்வேன். வடிந்த தக்காளியைத் தட்டில் பரப்பி, எண்ணெய் தெளித்து, 300 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஒரு மணி நேரம் ஓவனில் வைத்துவிடுவேன். வெளியே மைனஸ் 18 என்றால் ஓவன் எரிவதும் ஒரு சுகம்தான். ஓரங்கள் சுருங்கி, லேசாகக் கருத்து, நடுவில் ஜாம் மாதிரி ஆகிவிடும். பலரும் முகம் சுளிக்கிற அந்த 'டின் வாசம்' இதில் காணாமல் போகிறது. என்னைக் கேட்டால் அது தகர வாசமே இல்லை, வெந்த தக்காளியின் வாசம்தான்.

கூட எதைச் சேர்ப்பது? வெள்ளரிக்காயும் லெட்டூஸும் தண்ணீர் விடும், சேர்க்காதீர்கள். கடித்தால் நறுக்கென்று சத்தம் வர வேண்டும். மெல்லியதாகச் சீவிய முட்டைக்கோஸ், பெருஞ்சீரகச் செடியின் தண்டுக்கிழங்கு, வினிகரில் 10 நிமிடம் ஊறிய சிவப்பு வெங்காயம், வெந்த கொண்டைக்கடலை, மேலே ஆலிவ் எண்ணெய். காய்ந்த பிரெட்டைப் பிய்த்து மொறுமொறுவென்று வாட்டிக் கடைசியில் போடுவேன். டஸ்கனிக்காரர்கள் பழைய ரொட்டியும் தக்காளியும் போட்டு வெயில் காலத்தில் செய்யும் பன்சனெல்லாவின் குளிர்காலத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆலிவ் எண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, பச்சை மிளகாய் தாளித்துக் கொட்டியும் பார்த்தேன். முட்டைக்கோஸோடு பிரமாதம். பிரெட்டோடு ஒட்டவில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. வளையத்தை இழுத்துத் திறக்கிற மூடியில் இரண்டு முறை விரலை வெட்டிக்கொண்டேன். தள்ளுபடியில் ஒரு கடையில் அரை டஜன் அள்ளி வந்ததில், இரண்டு டின் விளிம்புத் தையல் ஓரத்தில் நசுங்கியிருந்தது. அந்த இடத்தில் நசுங்கினாலோ, டின் உப்பியிருந்தாலோ யோசிக்காமல் தூக்கிப் போட்டுவிட வேண்டும், போட்டேன். மிச்சத்தைத் திறந்த டின்னிலேயே ஃபிரிட்ஜில் வைக்கவும் கூடாது, கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றி மூன்று நாலு நாளில் தீர்த்துவிடுங்கள். கலந்த சாலட் மறுநாள் மதியத்துக்குத் தாங்கும், பிரெட் மட்டும் தனியாக இருக்கட்டும். ஆகஸ்டில் இதைச் செய்வதில்லை, தோட்டத்துத் தக்காளி கிடைக்கும்போது டின்னை யார் தொடுவார்கள்.

அப்புறம், வடிந்த சாறு. ஒரு டின்னுக்கு 300 மில்லி அளவுக்குத் தேறும். அப்படியே ரசத்துக்குப் போகிறது. ஏற்கெனவே புளிப்பு இருப்பதால் புளியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு நுரை கட்டியதும் இறக்கினால் போதும். போன வாரம் அக்காவுக்கு இரண்டையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். சாலட்டில் ஒரு வாய், ரசத்தில் இரண்டு டம்ளர். "இனிமேல் சாறை எனக்குத் தாங்கோ தம்பி, சலாட்டை நீங்களே சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டார்.