மதுரை வாட்ஸ்அப் பூனைத் தத்துக் குழுக்கள்: குட்டிக்கு 4 நட்சத்திரம், வளர்ந்த பூனைக்கு 1

பூனைக்கோ குட்டிக்கோ வீடு தேடிக் காப்பகத்துக்குப் போன் போட்டால் "இடமில்லைங்க" என்கிறார்கள். மாநகராட்சியின் கருத்தடை மையங்கள் நாய்களுக்கானவை. மிச்சமிருப்பது வாட்ஸ்அப் தத்துக் குழு.

குழுவைப் பற்றிப் பேசுமுன் காப்பகத்துக்காக ஒரு வார்த்தை. இடமில்லை என்பவரைக் கல்நெஞ்சக்காரர் என்று திட்டுவது நியாயமில்லை. பூனைகளைத் தாக்கும் பான்லுகோபீனியா வைரஸ் கூண்டிலும் தரையிலும் ஒரு வருடம் வரை வீரியம் குறையாமல் கிடக்கும். பினாயில் ஊற்றிக் கழுவினால் வாசனைதான் மாறும். பிளீச்சிங் கரைசலுக்கு அது சாகும். தொற்றிய குட்டியிடம் அறிகுறி தெரிய 2 முதல் 10 நாள் ஆகும். நிறைந்த கூண்டுக்குள் தடுப்பூசி போடாத ஒரு குட்டியைத் திணித்தால், நன்றாக இருந்தவையும் சேர்ந்து போய்ச் சேரும்.

குழுவின் பலம் வேகம். இரண்டு மூன்று மாதக் குட்டி, செவலையோ வெள்ளையோ, தெளிவான படம் இருந்தால் அன்று சாயங்காலமே விசாரிப்பு வரும். கறுப்புக் குட்டிக்குக் காத்திருக்க வேண்டும். சகுனம் பார்க்கும் ஊர் இது. முதலில் வரும் கேள்வி பெரும்பாலும் "பெர்சியன் இருக்காண்ணே?" என்பதுதான். அதற்குப் பதில் எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஐந்து குழுவில் போட்டால் ஐந்து மடங்கு ஆள் பார்ப்பார்கள் என்று நினைக்கவும் வேண்டாம். எல்லாக் குழுவிலும் பெரும்பாலும் அதே ஆட்கள். தெரிந்தவர்கள் தங்கள் ஸ்டேட்டஸில் வைத்தால் பூனை வட்டத்துக்கு வெளியே இருப்பவர்களும் பார்க்கிறார்கள். 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால் மறுநாளும் வைக்கச் சொல்ல வேண்டும்.

சொதப்புவது பதிவில்தான். "அவசரம், நாளைக்குள்ள எடுக்கலைன்னா ரோட்ல விட்ருவோம்" என்று எழுதினால் கும்பிடும் கைகள் நூறு வரும், வீடு வராது. அப்படி இரக்கப்பட்டு எடுப்பவர் ஒரே வாரத்தில் திருப்பிக் கொடுப்பார். ரோட்டில் விடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றமும்கூட. முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். நம்மூரில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே காணாது.

பதிவில் இருக்க வேண்டியவை: வயது, எடை, ஆணா பெண்ணா, இப்போது என்ன சாப்பிடுகிறது, மலஜலம் கழிக்க மண்ணில் போகப் பழகியதா, குடற்புழு மருந்து கொடுத்த தேதி, ஊசி போட்ட தேதி, திருநகர், அண்ணா நகர் என்று ஏரியாப் பெயர் மட்டும். வயதைக் குத்துமதிப்பாகச் சொல்வதைவிடத் தராசில் வைப்பது மேல். குட்டி வாரத்துக்குச் சுமார் 100 கிராம் கூடும். எட்டு வாரத்தில் 800 கிராமை ஒட்டி நிற்கும். அதற்கு முன் தாயிடமிருந்து பிரிக்கவே கூடாது. குழுக்களின் பெரிய குறை இதுதான்: நாலு வாரக் குட்டி, அப்போதுதான் கெட்டி உணவை மோந்து பார்க்க ஆரம்பித்தது, கை மாறுகிறது. போன வீட்டில் பசும்பால் வைக்கிறார்கள், வயிற்றுப்போக்கில் இரண்டே நாளில் துவண்டு விடுகிறது.

ஆண் பெண் தப்பாகச் சொல்வதும் அடிக்கடி நடக்கிறது. வாலைத் தூக்கிப் பாருங்கள். ஆசனவாய்க்குக் கீழே ஒட்டினாற்போல் சிறு கோடு இருந்தால் பெட்டை. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி விட்டு வட்டப் புள்ளி இருந்தால் கடுவன். மூன்று நிறம் கலந்திருந்தால் அநேகமாகப் பெட்டைதான். செவலையில் ஐந்துக்கு நான்கு கடுவன். கடுவன் என்று வாங்கிப் போனது ஐந்தாம் மாதம் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றால், திருப்பி அனுப்பத்தான் பார்ப்பார்கள்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும் வேலையைக் குழு செய்யாது. அதை அட்மின் செய்வார் என்று நம்பிக் கொடுத்துவிட்டுப் புலம்புபவர்கள் ஏராளம். "நல்லா பாத்துப்பீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "ராத்திரி எங்க படுக்கும்? திருவிழாவுக்கு ஊருக்குப் போனா யார் சோறு வைப்பா? வாடகை வீடுன்னா ஓனர் சரின்னுட்டாரா?" என்று கேளுங்கள். மாடி வீட்டுக்காரரிடம் ஜன்னல் வலை இருக்கிறதா என்றும், தரை வீட்டுக்காரரிடம் மூடாத கிணறோ தண்ணீர்த் தொட்டியோ உண்டா என்றும் கேளுங்கள். "எதுவா இருந்தாலும் மூணு குடுங்க" என்று மொத்தமாகக் கேட்பவரை அங்கேயே நிறுத்திவிடலாம். "இலவசம்" என்ற சொல்லைத் தவிர்த்து, கருத்தடைச் செலவை ஏற்பவருக்கு முன்னுரிமை என்று போட்டாலே பாதிக் கூட்டம் வடியும். வடியட்டும்.

ஒப்படைப்பது அவர்கள் வீட்டில்தான், மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் கை மாற்றக் கூடாது. கட்டைப்பையில் போட்டுக் கொண்டுபோனால் ஹாரன் சத்தத்துக்கே கிழித்துக்கொண்டு பாயும். கூண்டு இல்லாதவர்கள் பழக்கடைப் பிளாஸ்டிக் கூடை இரண்டை வாயோடு வாய் கவிழ்த்து, நான்கு பக்கமும் கேபிள் டை போட்டு இறுக்கலாம். மேலே ஒரு பருத்தித் துணி. சித்திரை வெயிலில் காலை 9 மணிக்கு முன், அல்லது பொழுது சாய்ந்த பின். கூடவே அது படுத்த பழைய துணி, அது உபயோகித்த மண் ஒரு கை, மூன்று நாளைக்கு அதே சாப்பாடு.

புது வீட்டில் முதல் மூன்று நாள் ஒரே அறை. கட்டிலுக்கு அடியில் பதுங்கினால் இழுக்கக் கூடாது. குட்டி அரை நாளும் பெரிய பூனை ஒரு நாளும் வாயில் எதுவும் வைக்காவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும். பாராசிட்டமாலும் நாய்க்கு உண்ணி போக ஊற்றும் பெர்மெத்ரின் மருந்தும் பூனைக்கு விஷம். இதை வாயால் சொல்வதோடு விடாமல் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள்.

வளர்ந்த பூனைக்கு வந்தால் குழு சுத்தமாகக் கைவிடுகிறது. இரண்டு வயது நாட்டுப் பூனைக்கு ஒரு ஹார்ட் விழும், அவ்வளவுதான். அதற்கு மண்டிகளில் கேட்கலாம். கீழமாசி வீதி மாதிரி மளிகை மூட்டை அடுக்கும் இடங்களிலும் அரிசி ஆலைகளிலும் எலிக்காகப் பூனையை விரும்பி வைப்பார்கள். ஆனால் எலி மருந்து வைக்கும் இடமென்றால் கொடுக்காதீர்கள். செத்துக்கொண்டிருக்கும் எலியைத் தின்று பூனையும் போகும். கொண்டுவிட்ட அன்றே அவிழ்த்துவிட்டால் பழைய வீட்டைத் தேடிக் கிளம்பிவிடும். இரண்டு மூன்று வாரம் அங்கேயே ஓர் அறையிலோ பெரிய கூண்டிலோ வைத்துச் சோறு போட வேண்டும். பட்டினி போட்டால் நன்றாக எலி பிடிக்கும் என்பது கதை. சோறு கிடைக்கும் இடத்தில்தான் பூனை தங்கும்.

கால்நடை மருத்துவமனைப் பலகையில் அரைத்தாள் ஒட்டுவது மெதுவான வழி. ஆனால் அங்கே வருபவர்களுக்கு ஊசி, மருந்து பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. 5க்கு 3 தரலாம். வளர்ப்புப் பிராணிக் கடையில் விடுவது வேண்டாம். பல வீட்டுக் குட்டிகள் ஒரே கூண்டில் கிடந்தால், காப்பகத்துக்குச் சொன்ன அதே ஆபத்து அங்கும் உண்டு.

குட்டிகள் எல்லாம் போனதும் தாயை மறக்கிறார்கள். பால் கொடுக்கும்போதே மறுபடி சினை பிடிக்கும். 63 முதல் 65 நாளில் அடுத்த ஈற்று. குட்டி பால் மறந்து இரண்டு வாரம் கழித்து, மடி வற்றியதும் கருத்தடை செய்யலாம். தெருப் பூனையென்றால் மயக்கத்தில் இருக்கும்போதே காது நுனியைக் கொஞ்சம் நறுக்கி அடையாளம் வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வேறொருவர் பிடித்துக்கொண்டுபோய், பாவம், அதே வயிற்றை இன்னொரு முறை திறக்கவைப்பார்.