நாஸ் பெட்டியில் டிஸ்க் மாற்றம்: ஒவ்வொன்றாகவா, ஒரே மூச்சிலா?

நாஸ் என்பது வீட்டு நெட்வொர்க்கில் எல்லோரும் பகிரும் சேமிப்புப் பெட்டி. இங்கே பேசுவது நான்கு பே (டிஸ்க் செருகும் இடம்) உள்ள, சினாலஜி நிறுவனத்தின் பெட்டி. உள்ளே 4 டிபி டிஸ்க் நான்கு, எல்லாம் ஏறக்குறைய நிரம்பிவிட்டன. மேசையில் 8 டிபி நான்கு தயாராக இருக்கின்றன. இனி இரண்டு வழி உண்டு. பழையதில் ஒன்றை உருவி, அதே இடத்தில் புதியதைச் செருகி, ரிபில்ட் (மற்ற டிஸ்க்குகளைக் கொண்டு புதியதில் டேட்டாவை மறுபடி எழுதுவது) முடிந்ததும் அடுத்தது என்று நான்கு சுற்று போகலாம். அல்லது பழைய நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றி வைத்துவிட்டு, புதிய நான்கில் சினாலஜியின் இயங்குதளமான டிஎஸ்எம்மை முதலிலிருந்து நிறுவி, பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றலாம்.

பெரும்பாலானோர் செய்வது முதல் வழி. நான் தேர்ந்தது இரண்டாவது. ரெய்டு 5 (ஒரு டிஸ்க் கெட்டாலும் டேட்டா பிழைக்கும் அமைப்பு) அல்லது அதன் சினாலஜி வகையான எஸ்எச்ஆர் ஓடும் நான்கு பே பெட்டிக்கு யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

விரிவாக்கப் பெட்டி என்ற மூன்றாவது வழியும் இருக்கிறது. ஆனால் ஒரே வால்யூமை (டிஸ்க்குகள் சேர்ந்த சேமிப்பிடத்தை) இசாட்டா கேபிள் வழியாக இரண்டு பெட்டிக்கும் நீட்டினால், கேபிள் கழன்றாலே வால்யூம் விழுந்துவிடும். தனி வால்யூமாக வைத்துக்கொள்பவருக்கு மட்டும் அது சரிவரும்.

டிஸ்க் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: சிஎம்ஆர் வகை (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத பதிவு முறை) மட்டும் வாங்குங்கள். சீகேட் அயர்ன்வுல்ஃப், டபிள்யூடி ரெட் பிளஸ், தோஷிபா என்300 மூன்றுமே சிஎம்ஆர்தான். வெறும் ‘ரெட்’ என்று மட்டும் பெயருள்ள, மாடல் எண் இஎஃப்ஏஎக்ஸ் என்று முடியும் 2 முதல் 6 டிபி டிஸ்க்குகள் எஸ்எம்ஆர் என்பது 2020-இல் வெளியே வந்து பெரிய சர்ச்சையானது. எஸ்எம்ஆர் டிஸ்கில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருப்பதால், ஓர் இடத்தில் எழுத வேண்டுமானால் பக்கத்துத் தடங்களையும் சேர்த்துத் திருப்பி எழுத வேண்டும். ரிபில்ட் போன்ற இடைவிடாத எழுத்து வேலையில் அது மூச்சுத் திணறி, சில மணி நேர வேலையை நாள்கணக்கில் இழுக்கும். சில சமயம் பதில் வரத் தாமதமாவதைப் பார்த்து ரெய்டே அந்த டிஸ்கைக் கெட்டுப்போனதாக முடிவுகட்டி வெளியே தள்ளிவிடும்.

இன்னொன்று: 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில், ஓடித் தேய்ந்த சீகேட் டிஸ்க்குகள் ஸ்மார்ட் (டிஸ்க் தன் நிலையைத் தானே பதியும் வசதி) எண்களை அழித்துப் புதியவையாக விற்கப்பட்டது அம்பலமானது. சீகேட் டிஸ்க் வாங்கினால் ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற மென்பொருளின் 7.4 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பில் ‘ஃபார்ம்’ பதிவை (சீகேட் டிஸ்க் தனியாக வைக்கும் குறிப்பு) படித்து, அதில் ஓடிய மணிநேரமும் ஸ்மார்ட் காட்டும் மணிநேரமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். சீரியல் எண்ணைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டு, வாரண்டி நம் நாட்டுக்குச் செல்லுபடியாகிறதா என்றும் கையோடு பார்த்துக்கொள்ளலாம்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

ஒவ்வொன்றாக மாற்றும்போது உள்ளே நடப்பது இது. எஸ்எச்ஆர் என்பது லினக்ஸின் எம்டி ரெய்டும் (டிஸ்க்குகளை ரெய்டாகச் சேர்க்கும் பகுதி) எல்விஎம்மும் (அந்த ரெய்டுகளை ஒரே இடமாக இணைக்கும் பகுதி) சேர்ந்ததுதான். முதல் 8 டிபியைச் செருகியதும் அதில் 4 டிபி அளவுக்குத்தான் ரிபில்ட் ஆகும். மீதி சும்மா கிடக்கும். பயன்படுத்தக்கூடிய இடம் 12 டிபியிலிருந்து நகராது. இரண்டாவது மாறியதும் சும்மா கிடந்த இரண்டு பகுதிகளும் சேர்ந்து தனி ரெய்டு 1 (ஒன்றின் நகல் மற்றொன்றில்) ஆகி, மொத்தம் 16 டிபி வரும். மூன்றாவதில் அந்த ரெய்டு 1, ரெய்டு 5 ஆக உருமாறி 20. நான்காவதில் மறுபடி விரிந்து 24. சாதாரண ரெய்டு 5 என்றால் நான்கும் மாறும்வரை ஒரு ஜிபிகூட அதிகரிக்காது.

நேரக் கணக்கு: 4 டிபியை வினாடிக்கு 150 எம்பி வேகத்தில் எழுதினால் ஏழரை மணி நேரம். வீட்டார் படம் பார்த்துக்கொண்டும் போன்கள் போட்டோ ஏற்றிக்கொண்டும் இருந்தால் 10, 12 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதுபோல நான்கு சுற்று. ரெய்டு உருமாறும் வேலை இன்னும் மெதுவானது. வினாடிக்கு 50 எம்பி என்றால் ஒவ்வொரு முறையும் ஒரு நாளை ஒட்டி வரும். ஆபீஸ் போய்வந்து இடையிடையே டிஸ்க் மாற்றுபவருக்கு மொத்தத்தில் ஒரு வாரம் ஓடிவிடும். ஸ்டோரேஜ் மேனேஜரில் ரெய்டு ரீசிங்க் வேகத்தைக் கூட்டி வைத்தால் கொஞ்சம் மிச்சமாகும்.

ஒரு வாரம் ஆவது பெரிய குறையல்ல. அந்த வாரத்தில் உங்கள் டேட்டா எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு சுற்றிலும், நல்ல நிலையில் இருக்கும் ரெய்டை நீங்களே ஒரு டிஸ்க் குறைந்ததாக ஆக்குகிறீர்கள். மீதி மூன்று டிஸ்கும் ஐந்தாறு வருடம் ஒரே பெட்டியில், ஒரே சூட்டில் ஓடியவை. ஒரு சுற்றுக்கு மூன்றிலிருந்தும் சேர்த்து 12 டிபி படிக்கப்படுகிறது. 10-இன் 14-ஆம் அடுக்கு பிட்டுக்கு ஒரு படிப்புப் பிழை வரலாம் என்ற தயாரிப்பாளர் எண்ணை வைத்து, 12.5 டிபி படித்தாலே பிழை நிச்சயம் என்று பயமுறுத்துவோர் உண்டு. அது மிகை. நல்ல டிஸ்க்குகள் அதைவிடப் பல மடங்கு சுத்தமாகவே படிக்கின்றன. மாதந்தோறும் ஸ்க்ரப் (எல்லா டிஸ்கையும் முழுதாகப் படித்துச் சரிபார்ப்பது) ஓட்டுபவருக்கே இது தெரியும்.

ஆனால் ஸ்க்ரப்புக்கும் ரிபில்டுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஸ்க்ரப்பில் ஒரு செக்டர் படிக்க வரவில்லை என்றால், பாரிட்டியிலிருந்து (ரெய்டு கூடுதலாக எழுதி வைக்கும் மீட்புக் கணக்கு) கணக்கிட்டுத் திருத்தி எழுதிவிடும். டிஸ்க் ஒன்று குறைந்த ரெய்டு 5-இல் திருத்த எதுவும் மிச்சமில்லை. அந்த இடம் போனது போனதுதான். மின்வெட்டும் இதோடு சேரும். ரிபில்ட் நடுவே கரண்ட் போனால், பாதி எழுதிய ஸ்ட்ரைப்பில் (எல்லா டிஸ்கிலும் பரவி எழுதப்படும் ஒரு வரிசையில்) டேட்டாவும் பாரிட்டியும் ஒத்துப்போகாமல் நிற்கலாம். முழு ரெய்டாக இருந்தால் ரீசிங்க் அதைச் சரிசெய்யும். ஒரு டிஸ்க் குறைந்திருந்தால் எது சரி என்று கண்டுபிடிக்க வழியில்லாததால், இயல்பான அமைப்பில் லினக்ஸ் எம்டி அந்த ரெய்டைத் தொடங்கவே மறுத்துவிடும்; கட்டாயப்படுத்தித் தொடங்கினால் கொஞ்சம் டேட்டா பழுதாகியிருக்கலாம். யூபிஎஸ் இல்லாமல் முதல் வழியில் இறங்கவே கூடாது. யூஎஸ்பி கேபிளால் நாஸோடு பேசி, பேட்டரி தீரும் முன் பெட்டியைப் பத்திரமாக அணைக்கும் யூபிஎஸ் வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரை மட்டும் நம்புபவர், அது குறைந்தபட்சம் யூபிஎஸ் மோடில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும்.

‘கழற்றிய பழைய டிஸ்க் கையில் இருக்கிறதே?’ என்று கேட்கத் தோன்றும். அது உதவாது. நீங்கள் உருவிய நொடிக்குப் பிறகும் மற்ற மூன்றிலும் எழுத்து நடந்துகொண்டே இருக்கிறது. உருவிய டிஸ்க் பின்தங்கிவிடும். திரும்பச் செருகினால் அதையும் வெற்று டிஸ்காகப் பாவித்து முதலிலிருந்து ரிபில்ட் செய்யத்தான் பெட்டி கேட்கும். முதல் வழியிலேயே போவதானால் ஒரு யோசனை: ரிபில்ட் முடியும்வரை பேக்கேஜ்களை நிறுத்தி, யாரும் எதுவும் எழுதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்போது இரண்டாவது டிஸ்க் மண்டையைப் போட்டாலும், விஷயம் தெரிந்த ஒருவரால் பழைய டிஸ்கைக் கொண்டு ரெய்டைக் கட்டாயமாக எழுப்ப ஓரளவு வாய்ப்பு இருக்கும்.

ஒரே மூச்சில் மாற்றும்போது நிலைமை தலைகீழ். சினாலஜியில் டிஎஸ்எம் எல்லா டிஸ்கிலும் ஒரு சிறு பகுதியில் நகல் நகலாக உட்கார்ந்திருக்கிறது. பழைய நான்கையும் முறையாக அணைத்த பின் கழற்றினால், உங்கள் நாஸ் முழுவதும், யூசர்கள், அமைப்புகள், டேட்டா எல்லாம், அந்த நான்கில் முழுசாக உறங்குகிறது. புதியதில் எது சொதப்பினாலும் பெட்டியை அணைத்து, பழைய நான்கையும் செருகி ஆன் செய்தால் நேற்றைய நிலை திரும்பிவிடும். அதற்கு மேல் யூஎஸ்பி டிஸ்கில் பேக்கப் வேறு. மாற்றம் நடக்கும் முழு நேரமும் இரண்டு முழு நகல்கள் தொடப்படாமல் இருக்கின்றன. மீட்கும்போது கரண்ட் போனால் மறுபடி தொடங்கினால் போயிற்று. நான் இந்தப் பக்கம் சாய்வதற்கு இந்த ஒரே காரணம் போதும்.

இதில் ஒரு பொறி உண்டு. டிஎஸ்எம்மின் ஒரு பகுதி பெட்டியின் உள் ஃபிளாஷிலும் இருக்கிறது. புதிய டிஸ்கில் நிறுவும்போது கடைசிப் பதிப்பு இறங்கும். அப்புறம் பழைய பதிப்புள்ள டிஸ்க்குகளைத் திரும்பச் செருகினால், நேராக ஏறாமல் மீட்கவா, மைக்ரேட் செய்யவா என்று கேட்கும். ஆகவே கழற்றுவதற்கு முன்பே பழைய டிஸ்க்குகளில் டிஎஸ்எம்மைக் கடைசிப் பதிப்புக்கு அப்டேட் செய்துவிடுங்கள்.

மற்ற முன்வேலைகள்: பழைய பூலில் (டிஸ்க்குகள் சேர்ந்த தொகுப்பில்) ஒரு ஸ்க்ரப். ஸ்மார்ட் பட்டியலில் 5, 197, 198 எண் வரிகள் (கெட்ட செக்டர் கணக்கு) பூஜ்ஜியமா என்று ஒரு பார்வை; 199 ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிள் அல்லது கனெக்டர் பிரச்சினை, டிஸ்க் கோளாறல்ல. சினாலஜியின் ஹைப்பர் பேக்கப் ஆப்பில் யூஎஸ்பி டிஸ்குக்கு முழு பேக்கப் எடுத்து, இன்டெக்ரிட்டி செக் ஓட்டி, ஒன்றிரண்டு ஃபோல்டரைத் தனி இடத்தில் மீட்டு, ஃபைல்களைத் திறந்தே பார்த்துவிடுங்கள். கன்ஃபிகரேஷன் ஃபைலைக் கம்ப்யூட்டரில் இறக்கி வையுங்கள்; அதில் யூசர்களும் அமைப்புகளும் வரும், பேக்கேஜ்கள் வராது. டாக்கரின் (ஆப்களைத் தனித்தனியாக ஓட்டும் வசதி) கம்போஸ் ஃபைல்கள், என்கிரிப்ட் செய்த ஃபோல்டர்களின் கீ ஃபைல் இரண்டையும் மறக்க வேண்டாம். கீயும் பாஸ்வேர்டும் இரண்டும் போனால் அந்த ஃபோல்டரை யாராலும் திறக்க முடியாது.

புதிய டிஸ்க்குகளைப் பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே யூஎஸ்பி டாக்கில் வைத்து ஆற அமரச் சோதிக்கலாம். 8 டிபிக்கு நீண்ட ஸ்மார்ட் சோதனை 13 மணி நேரம் அளவில் பிடிக்கும். கழற்றும்போது பே எண்ணை ஒவ்வொரு டிஸ்கிலும் எழுதி ஒட்டுங்கள். எம்டிக்கு வரிசை முக்கியமில்லை, உங்களுக்கு முக்கியம். திருகு போடும் பழைய ட்ரே என்றால், பெரிய கொள்ளளவு டிஸ்க்குகள் பலவற்றில் நடுத்துளை இருக்காது. ட்ரேயில் வேறு துளை இருக்கிறதா என்று முன்பே பாருங்கள்.

பூல் உருவாக்கும்போது இந்த வழியின் இன்னொரு லாபம் தெரியும். பழையதின் ஃபைல் சிஸ்டம் எக்ஸ்ட்4 என்றால் அதை அப்படியே பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொரு வகையாக ஆக்க வழியில்லை. புதிதாக அமைத்தால்தான் உண்டு. ஷேர்டு ஃபோல்டரின் டேட்டா செக்சம் (டேட்டா பழுதானதா என்று கண்டறியும்) வசதியையும் உருவாக்கும்போது மட்டுமே போட முடியும், பின்னால் முடியாது. எனவே போட்டோ, ஆவண ஃபோல்டர்களைச் செக்சம் டிக் போட்டு முதலில் நீங்களே உருவாக்கி, பிறகு அதற்குள் மீட்டெடுங்கள். வெர்ச்சுவல் மெஷின், டேட்டாபேஸ் இருக்கும் ஃபோல்டருக்கு மட்டும் அது வேண்டாம், எழுத்து மெதுவாகும்.

9 டிபி டேட்டா, யூஎஸ்பி 3 வழியாக வினாடிக்கு 150 எம்பி என்றால் சுமார் 17 மணி நேரம். கிகாபிட் நெட்வொர்க் வழியாக 110 எம்பியில் 23. லட்சக்கணக்கில் சிறு ஃபைல்கள் இருந்தால் இதை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். பின்னணியில் புதிய ரெய்டின் முதல் ஒத்திசைவும் ஓடும் என்பதால் இரண்டு, மூன்று நாள் என்று எண்ணுவது நியாயம். அத்தனை நாளும் நாஸ் முழுதாகக் கிடைக்காது, அது இந்த வழியின் நிஜமான குறை. போட்டோ ஆப்பின் தம்ப்நெயில்கள் மறுபடி உருவாகவேண்டி வந்தால் செலரான் பெட்டி அதற்குமேலும் பல நாள் உழைக்கும். சித்திரை வெயிலில் செய்வதானால் ஃபேனை ‘க்வையட்’டிலிருந்து முழு வேகத்துக்கு மாற்றுங்கள், டிஸ்க் சூடு 50 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள்.

முதல் வழியே சரி என்று நான் சொல்லும் இடங்களும் உண்டு. இரண்டு பே, ரெய்டு 1 என்றால் யோசிக்கவே வேண்டாம், ஒவ்வொன்றாக மாற்றுங்கள். அங்கே உருவிய முதல் டிஸ்கே அந்த நேரத்து முழு நகல், லினக்ஸ் கம்ப்யூட்டரில் மாட்டிப் படித்துவிடலாம். ஒரு பே காலியாக இருந்தால் டிஎஸ்எம் 7-இல் ‘ரிப்ளேஸ் டிரைவ்’ இருக்கிறது: பழைய டிஸ்க் உள்ளேயே இருக்க, புதியதுக்கு நகல் எடுத்துவிட்டு இடம் மாற்றும். ரெய்டு ஒரு நொடியும் குறையாது. ட்ரூநாஸ் என்ற வேறொரு நாஸ் மென்பொருளின் ஃபைல் சிஸ்டமான இசட்எஃப்எஸ்ஸும் பழையது உள்ளே இருக்கும்போதே மாற்றும். டேட்டா உள்ள பகுதியை மட்டுமே எழுதும் என்பதால் பாதி காலியான பூலில் வேலை சீக்கிரம் முடியும். எட்டு பே, ரெய்டு 6 பெட்டிக்கு என் கணக்கை அப்படியே நீட்ட மாட்டேன். அங்கே ஒரு டிஸ்க் போனாலும் இன்னொரு பாரிட்டி தாங்குகிறது, அத்தனை டேட்டாவுக்கு பேக்கப் வைப்பதும் வேறு அளவுச் செலவு.

‘9 டிபிக்கு பேக்கப் டிஸ்க் என்னிடம் இல்லை’ என்பவர் முதல் வழியிலும் அதை வாங்கியே ஆகவேண்டும். புதிய பூலில் முதல் மாத ஸ்க்ரப் சுத்தமாக முடியும்வரை பழைய நான்கையும் அழிக்காதீர்கள். அதன் பிறகு செக்யூர் எரேஸ் செய்து விற்கலாம், அல்லது நான்கில் நல்ல இரண்டை டாக்கில் வைத்து முக்கிய ஃபோல்டர்களுக்கு மட்டும் இரண்டாவது பேக்கப்பாகப் பயன்படுத்தலாம்.