பாலக்காட்டில் ஒரு செடித்தொட்டிக் கடை: கட்டையும் செடியும் கைவந்தவர்கள், வெயிலை மறந்தவர்கள்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துக்காரர்களுக்கு நீர்ச்செடிகள் வளர்க்கும் பெரிய மீன்தொட்டி வேண்டுமென்றால் இதுவரை கோயம்புத்தூர்தான் வழி. இப்போது பாலக்காடு நகரில், தொட்டியை விற்பதோடு நின்றுவிடாமல் வீட்டுக்கே வந்து வடிவமைத்துத் தரும் கடை ஒன்று இருக்கிறது. கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டு முன்கூடத்துக்கு 5 அடி நீளமும் 2 அடி அகலமும் 2 அடி உயரமும் உள்ள தொட்டியை அவர்களைக் கொண்டு அமைத்தோம். ஒரு கோடையையும் அது கடந்துவிட்டதால், அவர்களுடைய வேலையின் நிறைகுறைகளை எழுதலாம் என்று தோன்றுகிறது.

முதலில் வந்தவர் தொட்டியைப் பற்றிப் பேசவே இல்லை. தரையைத் தட்டிப் பார்த்தார். 500 லிட்டருக்கு மேல் தண்ணீர், 12 மில்லிமீட்டர் கண்ணாடி, மணல், கல் எல்லாம் சேர்ந்தால் 700 கிலோவைத் தாண்டும் என்பதால் மாடியில் வைக்கும் யோசனையை அப்போதே மறுத்துவிட்டார். இரும்புத் தாங்கியை மட்டம் பார்த்து நிறுத்தியதிலும், கண்ணாடிக்கு அடியில் ஃபோம் விரித்ததிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இந்தக் கடையின் உண்மையான திறமை, தொட்டிக்குள் அழகுக்கு வைக்கும் கட்டையில் தெரிகிறது. கடையின் பின்புறத்தில் பெரிய சிமெண்டுத் தொட்டிகளில் வேர்க்கட்டைகளை ஊறப்போட்டு வைத்திருக்கிறார்கள். தானாக மூழ்காத கட்டையை விற்பதில்லை என்பது அவர்கள் கொள்கை. நான் விரலைக் காட்டிய கட்டை இன்னும் மிதந்துகொண்டிருந்ததால், "ஒரு மாசம் கழிச்சு வாங்க சார், அது எங்கேயும் போயிடாது" என்று சொல்லி அனுப்பினார் கடைக்காரர். அவசரக்காரர்களுக்கு இது எரிச்சலூட்டும். ஆனால் ஊறாத கட்டையைக் கல்லைக் கட்டி அமுக்கி வைத்து, பிறகு ஒருநாள் அது செடிகளோடு மேலே கிளம்பி வருவதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஒரு மாதத்தின் அருமை தெரியும்.

கடைசியில் மூன்று கட்டைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். தண்ணீர் ஊற்றும் முன் வெறும் தொட்டியில் அவற்றைப் புரட்டியும் திருப்பியும் வைத்துப் பார்க்கவே ஒரு முற்பகல் போயிற்று. பருத்த அடிப்பகுதிகள் இடப்பக்கத்தில், மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ஒன்றுசேர, அங்கிருந்து கிளைகள் மெலிந்துகொண்டே வலப்பக்கமாகவும் முன்பக்கமாகவும் நீள்கின்றன. வலப்பக்கம் மணல்வெளியாக விடப்பட்டிருக்கிறது. மூன்று கட்டைகளும் ஒரே மரத்தின் வேர்போலத் தோன்றுவதற்குக் காரணம், இணைப்புகளைச் சிறு கற்களாலும் செடிகளாலும் மறைத்த விதம்தான். கற்களை இடும் முன் ஒவ்வொன்றின் மீதும் வினிகர் சொட்டினார்கள். நுரைத்த கற்கள் சுண்ணாம்பு உள்ளவை, நீரின் கடினத்தன்மையைக் கூட்டும் என்று ஒதுக்கப்பட்டன. ஊறிய கட்டையானாலும் முதல் வாரங்களில் தண்ணீர் கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறத்துக்கு வந்தது. கட்டையின் மேல் வெண்ணிறப் படலமும் படர்ந்தது. இரண்டையும் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நாங்கள் பதறவில்லை. தண்ணீரை மாற்ற மாற்ற நிறம் வெளுத்தது, படலத்தை நத்தைகள் மேய்ந்து தீர்த்தன.

செடிகளில் அவர்கள் காட்டிய நிதானம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வாராவாரம் கத்தரிக்க வேண்டிய தண்டுச்செடிகளைத் தவிர்த்து, அனுபியாஸ், புசெஃபாலாண்ட்ரா, ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன் ஆகியவற்றையே பரிந்துரைத்தார்கள். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அனுபியாஸ் மாதத்துக்கு ஓரிரு இலைகள் விட்டாலே பெரிது. ஆகவே இவற்றைக் கொண்டு அமைக்கும் தொட்டியில் முதல் நாள் இருக்கும் வடிவமே நெடுங்காலம் நிற்கும், இடத்தேர்வில் பிழை நேர்ந்தால் அதுவும் நிற்கும். அனுபியாஸின் கிடைத்தண்டு மண்ணில் புதைந்தால் அழுகிவிடும் என்பதால், கட்டையின் கவட்டுகளில் கடுகளவு சூப்பர் குளூ ஜெல்லை வைத்து ஒட்டினார்கள். அதன் இலைகள் பல மாதங்கள் உதிராமல் நிற்பதால் நேர் வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும். ஆகையால் பெரும்பாலானவை கிளைகளின் நிழலில் இருக்கின்றன. போர்னியோவின் ஓடைப் பாறைகளில் வளரும் புசெஃபாலாண்ட்ராவுக்கு ஃபில்டர் நீர் பாயும் பாதையில் இடம் கொடுத்தார்கள். கிரிப்டோகோரைனுக்கு மட்டுமே வேரில் சத்து வேண்டும் என்பதால், விலை கூடிய அக்வா சாயிலை (நீர்ச்செடிகளுக்கான சத்து மண்) அது நடப்பட்ட பின்பகுதியில் மட்டும் இட்டு, முன்பகுதிக்குக் கழுவிய மணலை நிரப்பினார்கள். முழுத் தரைக்கும் சாயில் விற்று இலாபம் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை.

ஒரு மனக்குறை: கிரிப்டோகோரைன் ஸ்பைராலிஸும் ரெட்ரோஸ்பைராலிஸும் நம் நாட்டு நீர்நிலைகளில் இயற்கையாக வளர்பவை. லாஜனாண்ட்ரா மீபோல்டியும் தென்னிந்தியச் செடிதான். இவற்றில் ஒன்றுகூடக் கடையில் இல்லை. ஆய்வகத்தில் திசுவிலிருந்து வளர்த்த வெளிநாட்டுச் செடிகளின் டிஷ்யூ கல்ச்சர் கிண்ணங்கள் மட்டும் அலமாரி நிறைய இருக்கின்றன.

மெல்ல வளரும் செடிகள் மெல்லத்தான் சத்தை உறிஞ்சும். புதுத் தொட்டியில் மிஞ்சும் சத்தை அப்படியே விட்டால் பாசிக்கு விருந்தாகிவிடும் என்று, தொடக்கத்தில் வேகமாக வளரும் ஹைட்ரில்லாவையும் ஹார்ன்வொர்ட்டையும் மேலே மிதக்கவிட்டு, மற்றவை வேர்பிடித்தபின் சிறிது சிறிதாக எடுத்தார்கள். விளக்கை டைமரில் 6 மணி நேரத்துக்குக் கட்டுப்படுத்தினார்கள். மீனுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூச்சியத்துக்கு இறங்கும்வரை மீன் விடவில்லை. நட்ட சில நாள்களில் கிரிப்டோகோரைன் இலைகள் கூழாகிக் கரைந்தன. இடம் மாறியதும் அந்தச் செடி வழக்கமாகச் செய்வது அது, வேரிலிருந்து மறுபடி துளிர்த்துவிட்டது.

இவ்வளவு கவனமானவர்கள் எங்கள் ஊர்த் தண்ணீரையும் வெயிலையும் எப்படி மறந்தார்கள் என்பது விளங்கவில்லை. பாலக்காடு நகரத்துக் குழாய்த் தண்ணீரும் கிழக்கே உள்ள ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் ஒன்றல்ல. எங்கள் கிணற்றில், கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 600-ஐத் தாண்டுகிறது. கண்ணாடியில் உப்புக்கோடு விழுகிறது. நிரப்பும் முன் யாரும் அளந்து பார்க்கவில்லை. புசெஃபாலாண்ட்ராவின் இலைகள் சிறுத்து வருவதைக் கண்டு நானே கேட்டபிறகுதான் உப்பு நீக்கிய ஆர்ஓ தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலக்கச் சொன்னார்கள்.

அடுத்தது மூடி. அழகுக்காகத் தொட்டியின் மேல் முழுவதும் அடைத்த மரப்பெட்டி ஒன்றைச் செய்து, அதற்குள் விளக்குகளைப் பொருத்தியிருந்தார்கள். ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியை நெருங்கும்போது அந்தப் பெட்டி சூட்டை உள்ளேயே பிடித்துவைத்தது. தண்ணீர் 32 டிகிரிக்கு ஏறியது, ஜாவா ஃபெர்னின் இலைகள் கறுத்தன. மூடியைக் கழற்றிவிட்டு, நீர்ப்பரப்பின் மேல் காற்று வீசும் சிறு மின்விசிறிகளை வைத்ததும் இரண்டு மூன்று டிகிரி குறைந்தது. விசிறியால் தண்ணீர் வேகமாக ஆவியாகும், உப்பு அப்படியே தங்கும்; ஆகவே குறையும் அளவை ஆர்ஓ தண்ணீரால்தான் ஈடுகட்ட வேண்டும். மூடி பிழை என்பதைக் கடைக்காரர் ஒப்புக்கொண்டு அதற்கான பணத்தைத் திருப்பித் தந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

மீன் விஷயத்தில் அவர்கள் மேல் மதிப்புக் கூடியது. வீட்டுப் பிள்ளைகள் கேட்ட மிஸ் கேரளா என்ற மீனை அவர்கள் விற்பதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளுக்கே உரிய அந்த மீன் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன்னின் பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்பதை எடுத்துச் சொல்லி, ரம்மிநோஸ் டெட்ராக்களின் கூட்டம் ஒன்றையும் ஒரு ஜோடி பேர்ல் கௌராமியையும் கொடுத்தார்கள். கிளைகளுக்கு இடையில் டெட்ராக்கள் ஒரே திருப்பமாகத் திரும்பும்போது, வலப்பக்கத்து வெறும் மணலை ஏன் விட்டுவைத்தார்கள் என்பது புரிகிறது.

மீன் நீங்கலாக மொத்தச் செலவு ஒரு லட்சத்தைத் தொட்டது. இந்த அளவுக்கு அது அநியாயமில்லை, கட்டையைக் கிலோ கணக்கில் விற்பதுதான் சற்று உறுத்துகிறது. மாதாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தத்தை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மெல்ல வளரும் செடிகளுக்கு மாதம்தோறும் கத்தரிப்பு தேவையே இல்லை. அதற்காக அனுப்பப்பட்ட பையன் தொட்டிக்கு வெளியே இருக்கும் கேனிஸ்டர் ஃபில்டரின் பஞ்சுகளை நேராகக் குழாயடிக்குக் கொண்டுபோனான். குளோரின் கலந்த தண்ணீர் பட்டால் அதில் குடியிருந்து கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் செத்துவிடும் என்று தடுத்து, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசவைத்தேன். வாரம் கால்பங்குத் தண்ணீர் மாற்றுவதையும் பஞ்சு அலசுவதையும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அமைக்கச் சொல்லும்போதே ஆர்ஓவுக்கும் விசிறிக்கும் சேர்த்து மதிப்பீடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மார்ச்சுக்கு முன் வேலை முடிந்தால் செடிகள் வெயிலுக்குள் வேர்பிடித்திருக்கும்.